பத்துப் பேர் கை நனைக்க

கல்மண்டபம், ராயபுரம்
10.8.2025

அன்புத் தம்பி யாசினுக்கு அக்கா ஜெரினா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ கூப்பிடும்போதெல்லாம் போன் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் அடிக்கிறது. உன் பெயரைப் பார்க்கிறேன். அது தானாக ஓயும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறேன். எடுக்க மனசில்லாமல் இல்லை. அத்தனை பேர் முன்னால் "வல்லாஹி, இனி உன்னோடு பேசமாட்டேன்" என்று சொன்னது நான். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிவிட்டு, ஏதோ கோபத்தில் வந்துவிட்டது என்று துடைத்துப் போட எனக்குத் தைரியம் இல்லை. அதே சமயம், கூடப்பிறந்தவனோடு முகம் திருப்பிக்கொண்டிருப்பதும் பாவம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தொழுகையில் ரக்அத் கணக்குத் தவறுகிறது. கடைசியில் ஒன்று தோன்றியது. பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

நவ்ரீன் சிரிக்கிறாள். "வாட்ஸ்அப்ல அனுப்பும்மா, அதுவும் எழுத்துதானே" என்கிறாள். ஆனால் அவளே தோழியிடம், "ராத்திரி வாட்ஸ்அப்ல பேசினோமே" என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். அப்படியானால் அது பேச்சுதான். கடிதத்தை யாரும் பேசினோம் என்று சொல்வதில்லை. அதனால்தான் தபால். என் மகள் மாமாவோடு பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். விலாசமும் அவளிடம்தான் வாங்கினேன்.

நான் சத்தியம் பண்ணியது அவள் குர்ஆன் ஓதி முடித்ததற்கு வைத்த விருந்தில். சஹனில் உப்புக் குறைவு என்று நீ சொன்னாய், குறைவுதான். "ஓசிச் சோத்துக்கு உப்பு கணக்கு வேறயா" என்று உன் மச்சான் சொன்னது தப்பு. வேலை போய் நம் வீட்டில் இருந்தவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனால் யாசின், சஹன் என்பது நாலு பேர் கை வைத்துச் சாப்பிடும் தட்டு. மூன்று பேர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீரை எடுத்து அதிலேயே கை கழுவினாயே. உன்னோடு உட்கார்ந்த ஹாஜியார் பிடித்த கவளம் கையிலேயே நின்றது. தனித் தட்டாக இருந்தால் உன் கோபம் உன்னோடு போயிருக்கும். மற்றவர் சோற்றையும் சேர்த்துக் கழுவினாய். அதைப் பார்த்துத்தான் என் வாயில் அந்தச் சத்தியம் வந்தது.

அது கிடக்கட்டும். எங்கே சாப்பிடுகிறாய்? என்ன சாப்பிடுகிறாய்? விவரமாக எழுது.

அக்கா

*

மீஞ்சூர்
17.8.2025

அக்கா, வஅலைக்கும் ஸலாம்.

கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் என்னைவிட ஆச்சரியப்பட்டார். "இன்னா தம்பி, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். "இல்லண்ணே, எங்க அக்கா" என்றேன். "அத்தவிட பேஜாரு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

வேலை காட்டுப்பள்ளியில், கன்டெய்னர் யார்டில். வருகிற லாரி, போகிற லாரி எண்ணைக் குறித்துக்கொள்வது. ரூம் மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கம். கூட இருப்பவன் கஸ்பார், வெல்டர், நல்லவன், குறட்டை மட்டும் ரயிலுக்குப் போட்டி. ரூமில் அடுப்பு வைக்கக் கூடாது என்பது ஓனர் சட்டம். ஆகவே மூன்று வேளையும் வெளியே.

நீ கேட்ட விவரம். யார்டு கேன்டீனில் காலையில் இட்லிக்கு ஒரு சாம்பார் வரும். மதியம் அதே சாம்பார் சோற்றுக்கு வரும், ராத்திரி சப்பாத்திக்கு வரும். நேரம் ஆக ஆக நிறம் மட்டும் வெளுக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டல் இருக்கிறது. உள்ளே ஏசி, வெளியே பெஞ்சு, சமையல் ஒன்று, விலை இரண்டு. குளிருக்குக் காசு கொடுக்க நான் தயாரில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் லாரிப் புழுதி இலவசம்.

ஒருநாள் நடந்து வரும்போது "ராயபுரம் பாய் பிரியாணி" என்று போர்டு. ஓடினேன் அக்கா. சத்தியமாக ஓடினேன். "பாய், நீங்க ராயபுரத்துல எந்தத் தெரு?" என்று கேட்டேன். அவர் முழித்தார். "தெருவா? போர்டு எழுதனவரு வெச்ச பேரு தம்பி. நான் கும்மிடிப்பூண்டி." அந்தப் பிரியாணியும் கும்மிடிப்பூண்டியைத் தாண்டவில்லை.

சாயங்காலம் ஆனால் மார்க்கெட் வாசல் அத்தோ வண்டி ஞாபகம் வந்துவிடுகிறது. நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயத்தைத் தூவி, ஓரத்தில் அந்த வாழைத்தண்டு சூப். இங்கே அத்தோ என்று கேட்டால் எத்தோ என்கிறார்கள்.

கை கழுவியது தப்பு. ஹாஜியாரிடம் என் சார்பில் சொல்லிவிடு. ஆனால் மச்சான் சொன்ன வார்த்தை இன்னும் தொண்டையில் நிற்கிறது. என் காசில் வாங்கிய இட்லியை விழுங்கும்போதுகூட நிற்கிறது. அந்த வீட்டில் இனி என் கை நனையாது அக்கா. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லவில்லை, சும்மாதான் சொல்கிறேன். நம் வீட்டில் ஒரு சத்தியம் போதும்.

யாசின்

*

ராயபுரம்
26.8.2025

அன்புத் தம்பிக்கு,

பிரியாணிக் கடை விஷயத்தை வாசித்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். பிறகு அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ இல்லையோ. அத்தா ஹார்பரில் மூட்டை இறக்கிக் கூலி வாங்கும் நாளில் குஸ்கா வாங்கி வருவார். உட்கார்ந்து சாப்பிட்டால் அளவாகப் போடுவான், பார்சல் என்றால் அள்ளிப் போடுவான் என்று எப்போதும் பார்சல்தான். வாழையிலையைப் பிரித்தால் வீடு முழுக்கப் பட்டை வாசம். கறி வாங்க வழியில்லாத வீட்டில் அதுதான் பிரியாணி, அதுதான் பெருநாள். அப்புறம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாணம். முதல் தடவையாக உன் தட்டில் ஒரு கறித்துண்டு. நீ மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினாய், "அக்கா, என் குஸ்காவுல இன்னாவோ வுழுந்துடுச்சு!" அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

நான் வீட்டுக் கணக்கைத் தினமும் எழுதுகிறவள். அளவு தவறினால் எனக்கே பிடிக்காது. அப்படியிருந்தும் அரிசி அளக்கும்போது கை உனக்கும் சேர்த்தே அளந்துவிடுகிறது. சோறு மீந்துபோகிறது. உன் மச்சான் ஏன் என்று கேட்கவில்லை. காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அவரே சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போகிறார். பழைய சோற்றைத் தொடாத மனுஷன் என்பது உனக்குத் தெரியும். 

கறி சாப்பிடும் இடத்தில் பிஸ்மி சொல்லி அறுத்ததா என்று கேட்டுக்கொள். சந்தேகமாக இருந்தால் மீனோ முட்டையோ போதும். கேன்டீன் சாம்பாரை விட்டுவிடு. சின்னக் கடையாகப் பார். பெண்பிள்ளை யாராவது தானே ஆக்கித் தானே போடும் கடையில் வயிறு கெடாது.

அக்கா

*

மீஞ்சூர்
5.9.2025

அக்கா,

கிடைத்துவிட்டது! நீ சொன்ன மாதிரியே.

காட்டுப்பள்ளி ரோட்டில் லாரிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாய். அதற்குக் கீழே இரண்டு பெஞ்சு, ஒரு விறகடுப்பு, கெங்கம்மா. போர்டு கிடையாது. சோறு, மீன் குழம்பு, முட்டை, கருவாடு வந்த அன்றைக்குக் கருவாடு. முட்டையோடு அறுபது ரூபாய்க்கு வயிறு நிறைந்துவிடுகிறது. முதல்நாள் நான் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா நைனா, எண்ணி எண்ணித் துன்ற? சோத்துல கல்லு கீதா?"

"இல்லக்கா, நல்லாத்தான் கீது."

"அப்ப ஒயுங்கா துன்னு. மூஞ்சப் பாத்தா எவனோ தட்டப் புடுங்கிக்கினு போன மாரி கீது."

எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சஹன் என்றால் என்ன என்று விளக்கவே ஒரு லாரி போய் இன்னொரு லாரி வந்துவிட்டது. நான் கை கழுவிய இடம் வந்ததும் கரண்டியை ஓங்கினார். "அறிவு கெட்டவனே, இன்னொருத்தன் சோத்துலயாடா?" என்றார். சுற்றியிருந்த லாரிக்காரர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். பிறகு உன் சத்தியத்தைச் சொன்னேன். கெங்கம்மா அதற்குச் சிரிக்கவில்லை. "சாமி பேர சொல்ட்டாங்கோ. அப்ப அது செய்யாம வுடாது. அத்த எறக்கி வெக்க எதுனா வயி இருக்கும், கேளு உங்க ஆளுங்களாண்ட" என்றார்.

வழி இருக்கிறதா அக்கா? பேசினால் என்ன ஆகும்?

நவ்ரீன் போனில் பேசும்போது பின்னால் நீ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கிறது. நான் பேசுவது தெரிந்ததும் அந்தச் சத்தமும் நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வரச் சொல்லாதே, அது முடியாது. ஆனால் உன் குரலைக் கேட்டு நாளாகிவிட்டது.

யாசின்

*

ராயபுரம்
12.9.2025

அன்புத் தம்பிக்கு,

கெங்கம்மாவுக்கு என் ஸலாமைச் சொல். அவர் கேட்கச் சொன்னதை நானும் கேட்டுவிட்டேன். நம் தெருவில் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் லுப்னா ஆலிமாவிடம் போனேன். இத்தனை நாள் போகாததற்குக் காரணம் வெட்கம்தான்.

நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கா இவ்ளோ நாளு அழுதுகினு இருந்தீங்க?" உறவை வெட்டும் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட முறிப்பதுதான் நல்லது என்றார். ஆனால் சும்மா முறிக்க முடியாது. அதற்குக் கஃப்பாரா என்று ஒரு பரிகாரம் கொடுக்க வேண்டும். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு. அதிலும் ஒரு அளவு உண்டு. உசத்தியும் வேண்டாம், மட்டமும் கூடாது. நம் வீட்டாருக்கு நாம் போடும் சாப்பாட்டில் நடுத்தரமானது எதுவோ அது. பேசிவிட்டுப் பிறகு கொடுப்பவர்களும் உண்டாம், கொடுத்துவிட்டுப் பேசுகிறவர்களும் உண்டாம். நான் கொடுத்துவிட்டே பேசுகிறேன். அதுதான் என் மனசுக்கு நிம்மதி.

ராயபுரத்தில் பத்துப் பேருக்குப் போடுவது பெரிய காரியமில்லை. ஆனால் நீ இருக்கும் இடத்தில், நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷர்களுக்குப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. கெங்கம்மா ஆக்கிக் கொடுப்பாரா, கேள். அவர் சாப்பாடு நம் வீட்டு நடுத்தரத்துக்குச் சரியாக வருமா என்று சொல்ல அங்கே உன் நாக்கு ஒன்றுதான் இருக்கிறது. பெருநாள் சாப்பாடும் இல்லை, காய்ச்சல் நாளின் ரசச் சோறும் இல்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நம் வீட்டில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார். காசு நான் சேர்த்து வைத்ததில் இருக்கிறது, நவ்ரீன் அனுப்புவாள்.

ஆளைப் பார்த்து மரியாதையாகக் கூப்பிடு.

அக்கா

*

மீஞ்சூர்
20.9.2025

அக்கா,

சாப்பாடு சரி. செவ்வாய்க்கிழமை என்று கெங்கம்மாவிடம் சொன்னதும், "சங்கரா மீனு கொயம்பு, அவரக்கா பொரியலு, சோறு. அதான?" என்றார். உன் அடுப்படியை எட்டிப் பார்த்தவர் போலச் சொன்னார். புளியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

ஆள் பிடிப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது. ஏழை எங்கே என்று தேடினால் ஒருத்தரும் ஏழை இல்லை. யார்டில் பக்தவச்சலம் என்று ஒருவர், ட்ரெய்லர் கழுவுகிறவர். மதியத்தில் வெறும் பன்னும் டீயும்தான். அவரிடம் போய், "அண்ணே, ஞாயித்துக்கெயம காசில்லாம சாப்பாடு போடறோம், வாங்க" என்றேன். வாளியைக் கீழே வைத்தார்.

"இன்னாடா, என்னப் பாத்தா பிச்சக்காரன் மாரி கீதா?"

"அய்யோ, அப்படி இல்லண்ணே..."

"நான் துன்றது என் துட்டுல. போய் வேற எவனையாவது பாரு."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அக்கா. அவர் முகம் அந்த நேரத்தில் எப்படி ஆனதோ, விருந்தன்று என் முகமும் அப்படித்தான் ஆகியிருக்கும். மச்சான் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். மச்சானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கெங்கம்மாவிடம் வந்து சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "சோறு போடறேன்னு கூப்ட்டா எவன்டா வருவான், மானஸ்தன்? உனுக்கு ஆவணும்னு கூப்புடு. 'எங்க அக்கா வேண்டுதலு. பத்துப் பேரு வந்து கை நனைச்சாத்தான் அவங்க வாயத் தொறந்து எங்கூட பேச முடியும். நீங்க வந்தா எனுக்கு ஒத்தாசை'ன்னு சொல்லு. வரானா இல்லையா பாரு."

மறுபடியும் பக்தவச்சலத்திடம் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கெங்கம்மா சொன்னபடியே சொன்னேன். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "ரெண்டு மாசமா பேசலயா? கூடப்பொறந்தவங்களா?" என்றார். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? எத்தினி மணிக்கு வரணும்?"

இப்போது ஒன்பது பேர் ஆகிவிட்டது. பத்தாவது ஆளாக நானே உட்காரலாமா? சம்பளத்தைப் பார்த்தால் நானும் ஏழைதான்.

யாசின்

*

ராயபுரம்
27.9.2025

யாசின்,

உட்கார முடியாது. உன்னிடம் எத்தனை ரூபாய் இருக்கிறது, இல்லை என்பதால் அல்ல. ஏழைக்குப் போடுவது ஒரு பக்கம். எப்படிப் போடுவது என்று அளவு காட்ட வீட்டார் இன்னொரு பக்கம். நீ அந்தப் பக்கம். லுப்னா ஆலிமா "வீட்டாருக்குப் போடுவதில் நடுத்தரம்" என்று சொன்னபோது என் மனசில் வந்த தட்டுகள் உன் மச்சான் தட்டு, நவ்ரீன் தட்டு, உன் தட்டு. நீ போய் எண்ணிக்கையில் உட்கார்ந்துவிட்டால் நான் எதைப் பார்த்து அளப்பேன்?

வேறு ஆளைப் பார். உன் கடிதத்தை உன் மச்சானுக்கும் படித்துக் காட்டினேன். பக்தவச்சலம் வாளியைக் கீழே வைத்த இடத்தில், "திரும்பப் படி" என்றார். படித்தேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் போன் பக்கத்திலேயே இருப்பேன். பத்தாவது ஆள் கை கழுவிய பிறகு கூப்பிடு, முந்தி வேண்டாம்.

அக்கா

*

மீஞ்சூர்
5.10.2025, சாயங்காலம்

அக்கா,

போனில் நடந்தது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் இங்கே நடந்தது தெரியாதே, அதனால் எழுதுகிறேன்.

பக்தவச்சலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒடிசாக்காரப் பையன்கள் நாலு பேர், லாரி நிற்கும் இடத்தில் ரொட்டி சுட்டு வாழ்கிறவர்கள், பாஷை தெரியாமல் என்ன விசேஷம் என்று கையால் கேட்டார்கள். கஸ்பார் வாயை இறுக்கி மூடிக்காட்டி, பிறகு சாப்பிடுவது போலக் காட்டி, பிறகு வாயைத் திறந்து காட்டினான். என்ன புரிந்ததோ, பயபக்தியோடு உட்கார்ந்தார்கள். பத்தாவது ஆள் ரோடு பெருக்கும் மகிமா. "என் பேத்திக்கு இன்னிக்கு மொட்ட அடிக்கறாங்கோ, போவணும், சீக்கிரம் போடு நைனா" என்று துடைப்பத்தோடு வந்தார்.

நான்தான் பரிமாறினேன். ஒவ்வொருவர் எழும்போதும் பக்தவச்சலம் எண்ணினார். "ஏயி ஆச்சு. எட்டு. இன்னாபா, மெதுவா மெல்லுற, அங்க ஒரு அம்மா வாய மூடிகினு ஒக்காந்து கீது." மகிமா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுக் கடைசியாகத்தான் எழுந்தார்.

கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். நீ எடுத்தாய். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் வந்தது. பத்துப் பேரும் குனிந்து போனைப் பார்த்தார்கள். "பேசுங்கம்மா, நாங்க துன்ட்டோம்!" என்று மகிமா கத்தினார். அப்போதும் இல்லை. பக்தவச்சலத்துக்குக் கவலையாகிவிட்டது. "கணக்கு கம்மியா பூடுச்சா? நான் வேணா இன்னொரு தட்டு துன்றேன்" என்று மறுபடி உட்கார்ந்தே விட்டார்.

அப்புறம் மச்சான் குரல். "யாசினு... அக்கா அய்துகினு கீது. பேச்சு வர்ல. நீ சாப்ட்டியாடா?" இல்லை மச்சான், இனிமேல்தான் என்றேன். "மொதல்ல சாப்புடு. நான் லைன்லயே இருக்கேன்" என்றார். போனைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அவர் அந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வைக்கவும் இல்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தார். தொண்டையில் எதுவும் நிற்கவில்லை அக்கா.

யாசின்

*

ராயபுரம்
6.10.2025, காலை

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் இனிமேல்தான் வரும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு இதை எழுதுகிறேன்.

பேச எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். கடிதத்தில் விட்டுப்போனதையெல்லாம் மனசில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். யாரோ ஒரு அம்மாள் எனக்காகச் சாப்பிட்டுவிட்டு, பேசுங்கம்மா என்று கத்தினார். முகம் தெரியாத பத்துப் பேர் வேலையை விட்டு வந்து உட்கார்ந்து என் வாயைத் திறந்து விட்டிருக்கிறார்கள். நான் அவர்களுக்குச் சோறு போட்டேன் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று அந்த நேரத்தில்தான் தெரிந்தது. அதற்கு மேல் குரல் எங்கிருந்து வரும்?

உன் மச்சான் போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவி வந்தார். பிறகு, "இன்னொரு தட்டு துன்றேன்னு சொன்னாரே, அவுரு அந்த ட்ரெய்லர் கயுவறவராத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரயில் ஏறி அங்கே வருகிறாராம். உன்னை அழைத்துக்கொண்டு வர என்று சொல்லவில்லை. கெங்கம்மா கடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட என்றுதான் சொன்னார். நீ வீட்டுக்கு வருவதும் வராததும் அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேர் பாடு. நான் நடுவில் சத்தியம் எதுவும் பண்ணுவதாக இல்லை.

உன்னிடம் சொல்ல இருந்ததில் ஒன்றுதான் இப்போது மிச்சம். அன்று உப்புக் குறைந்தது என் தப்பு. நீ சொன்னது சரி.

இதைத் தபாலில் போட்டால் புதன்கிழமை வரும். அதுவரை பொறுக்க முடியவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தேன், குரல் வருகிறது. நீ வேலைக்குக் கிளம்புவதற்குள் கூப்பிடுகிறேன். நானே இதைப் படித்துக் காட்டுகிறேன். நடுவில் பேசாமல் கேள்.

அக்கா